தாம்பரம்–ஒரகடம் தினசரி ஓட்டத்துக்குப் பழைய கார்: 2019 வேகன் ஆரை வைத்து ஒரு முழு ஆய்வு

தினமும் வேலைக்குப் போய்வரப் பழைய கார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் மைலேஜ் அதிகம் தரும்?" என்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், மாடலுக்கு மாடல் வரும் மைலேஜ் வித்தியாசம் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். ஒரே மாடலில் நல்ல வண்டிக்கும் அடிபட்ட வண்டிக்கும் வரும் வித்தியாசம் பல பத்தாயிரம். ஆகவே மாடல் தேர்வைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் குறிப்பிட்ட அந்த ஒரு வண்டியைச் சோதிப்பதில் செலவழிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஒரு தேவையை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம்.

தேவை

மேற்குத் தாம்பரத்தில் வீடு, ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை. முடிச்சூர், படப்பை வழியாக ஒரு வழிக்குச் சுமார் 27 கி.மீ. முதல் பகுதி நெரிசல். முதல் இரண்டு கியரைத் தாண்டுவதே கஷ்டம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஏறிய பிறகு 60 முதல் 80 வேகம், பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள். மாதம் 25 நாள் என்றால் 1,350 கி.மீ. வார இறுதி ஓட்டத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 18,000 கி.மீ. வார நாட்களில் ஒருவரோ இருவரோ, ஞாயிற்றுக்கிழமை நால்வர். கையில் இருப்பது எல்லாச் செலவும் சேர்த்து 4.25 லட்சம். ஐந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம்.

இந்தக் கடைசி வரி முக்கியமானது. 50,000 கி.மீ. ஓடிய வண்டியை வாங்கினால் விற்கும்போது மீட்டர் 1.4 லட்சத்தில் நிற்கும். அதுவரை பெரிய வேலை வராத இன்ஜின் வேண்டும்; உதிரிபாகம் படப்பைக் கடையிலும் கிடைக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கு

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50, சி.என்.ஜி. கிலோ 90 என்று வைத்துக்கொள்வோம். நிஜ ஓட்டத்தில் 16 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு வருடம் 1,125 லிட்டர், 1,13,600 ரூபாய். 18 தரும் காருக்கு 1,000 லிட்டர், 1,01,000. 20 தந்தால் 900 லிட்டர், 90,900. 18-க்கும் 20-க்கும் இடையில் வருடம் பத்தாயிரம்தான். ஒரு கிளட்ச் செட் மாற்றினால் அது போயிற்று. நாலு டயர் மாற்றினால் அதற்கு மேலேயே போயிற்று.

எரிபொருளே மாறினால்தான் கணக்கு பெரிதாக மாறும். டீசல் ஸ்விஃப்ட் 21 தந்தால் வருடம் 79,300 ரூபாய். கம்பெனியிலேயே பொருத்தி வந்த சி.என்.ஜி. வேகன் ஆர் கிலோவுக்கு 26 தந்தால் 62,300. சி.என்.ஜி. பக்கம் மிச்சம் கணிசம்தான். அதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விளம்பரத்தில் வரும் அராய் (இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பு) மைலேஜ் எண் ஆய்வகத்தில் எடுத்தது. 2019 வேகன் ஆர் 1.0-க்கு அது 22.5, பி.எஸ்.6 மாசு விதிக்கு மாறியதும் 21.79. மேலே சொன்ன கலவை ஓட்டத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு 17 முதல் 18 எதிர்பார்ப்பதே நியாயம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பத்து சதவீதக் கலவையிலிருந்து இருபதுக்குப் போகும்போது மூன்று, நான்கு சதவீதம் மைலேஜ் குறைவது இயல்பு. வண்டியில் கோளாறு என்று அர்த்தமில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெரும்பாலான கார்கள் பத்து சதவீதக் கலவைக்கு வடிவமைத்தவை. அவற்றில் எரிபொருள் ஹோஸ், ரப்பர் சீல் இவற்றைச் சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்வது நல்லது.

எதைத் தள்ளினோம், ஏன்

2019 ஏப்ரலுக்கு முன் தயாரானவற்றைப் பொதுவாகத் தள்ளலாம். ஏ.பி.எஸ். (சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எல்லாக் கார்களிலும் கட்டாயமானது அந்த மாதத்திலிருந்துதான். ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின் பார்க்கிங் சென்சார் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். முன் பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது 2022 ஜனவரியில். லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இந்தத் தேதிகள் அலங்காரமல்ல. மழை நாளில் படப்பை அருகே முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றால் வண்டியைக் காப்பாற்றுவது ஏ.பி.எஸ்.தான்.

டீசலைத் தள்ளியதற்குக் காரணம் இன்ஜின் மோசம் என்பதல்ல. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்தியது. ஆகவே கிடைப்பதெல்லாம் அதற்கு முந்தைய பி.எஸ்.4 வண்டிகள். டீசல் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதிகம் ஓட்டத்தான் வாங்கினார்கள். மீட்டரில் 60,000 காட்டினாலும் நம்பத் தயக்கம் வரும். டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் இவற்றில் ஒன்று போனாலும் ஒரு வருட எரிபொருள் மிச்சம் காலி. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு இருந்த தடையால் அங்கிருந்து தெற்கே வந்த வண்டிகளும் சந்தையில் உண்டு. வருடம் 25,000 கி.மீ. தாண்டுகிறவர்கள் மட்டும் டீசலை யோசிக்கலாம்.

பழைய ஹூண்டாய் ஐ10-இல் 1.1 ஐ.ஆர்.டி.இ. இன்ஜின் டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் பட்டை) வகை. பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால் வாங்கியதுமே மாற்ற வேண்டும். கிராண்ட் ஐ10-இன் 1.2 கப்பா, மாருதியின் கே சீரிஸ், ஹோண்டாவின் 1.2 ஐ-விடெக் எல்லாம் செயின். ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் செயினைத் தொடவே வேண்டாம்.

ஏ.எம்.டி. வண்டிகள் நெரிசலுக்குச் சுகம்தான். ஆனால் அது மேனுவல் கியர்பாக்ஸின் மேல் கிளட்சையும் கியரையும் இயக்கும் ஆக்சுவேட்டர் பொருத்திய அமைப்பு. மேடான இடத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் முந்தைய ஓட்டுநருக்கு இருந்தால் கிளட்ச் சீக்கிரம் கருகும்; ஆக்சுவேட்டர் போனால் செலவு அதிகம். இந்த பட்ஜெட்டில் மேனுவலே சரி.

ஒரு நேர்மையான மாற்று டாடா டியாகோ. 2020-இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு அப்போதைய விதிப்படி அதற்கு நாலு நட்சத்திரம் கொடுத்தது. 2018 ஸ்விஃப்டுக்கும் 2019 வேகன் ஆருக்கும் இரண்டுதான். பாதுகாப்பு முதல், மைலேஜ் இரண்டாவது என்று நினைக்கிறவர் டியாகோவைத் தேடுவதில் தவறே இல்லை. கீழே சொல்லும் சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

ஏன் வேகன் ஆர்

2019 ஜனவரியில் வந்த மூன்றாம் தலைமுறை வேகன் ஆர் சுமார் 810 கிலோ முதல் 845 கிலோ எடை. 1.0 மூன்று சிலிண்டர் கே10பி, 67 குதிரைத்திறன். 1.2 நாலு சிலிண்டர் கே12எம், 82 குதிரைத்திறன். டேங்க் 32 லிட்டர், டிக்கி 341 லிட்டர். கே10பி இன்ஜின் 2008-லிருந்து ஓடிக்கொண்டிருப்பதால் அதைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் அரிது.

1.0-வா 1.2-வா? லிட்டருக்கு ஒரு கி.மீ. வித்தியாசம் என்று வைத்தால் வருடம் சுமார் 59 லிட்டர், ஆறாயிரம் ரூபாய். ஒருவர், இருவர் போனால் 1.0 போதும். நாலு பேர் செலவைப் பங்கிட்டுப் போவதாக இருந்தால் 1.2 வாங்குங்கள். முழுச் சுமையோடு ஏ.சி.யில் லாரியை முந்தும்போது 1.0 மூச்சு வாங்கும். மிதித்து மிதித்து ஓட்டினால் மைலேஜும் 1.2-க்குக் கீழே போய்விடும்.

இந்த 2019 வண்டிகளில் கட்டாயம் பார்க்க வேண்டியது ரீகால். 2018 நவம்பர் 15-லிருந்து 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரான 1.0 வண்டிகள் 40,618-ஐ எரிபொருள் ஹோஸ் மெட்டல் கிளாம்பில் உரசும் சந்தேகத்துக்காக மாருதி திரும்ப அழைத்தது. 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரையிலான 1.0 வண்டிகள் 56,663-ஐ 2020 ஜூலையில் ஃபியூயல் பம்புக்காக அழைத்தது. 2019 ஜூலை 30-லிருந்து நவம்பர் 1 வரை தயாரான 4,190 வேகன் ஆர்களை 2024 மார்ச்சில் மறுபடியும் ஃபியூயல் பம்ப் மோட்டாருக்காக அழைத்தது. மாருதி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டால் வேலை பாக்கி இருக்கிறதா என்று தெரியும். பாக்கி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் செய்து தருவார்கள்; அதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம். ஆனால் ஆறு வருடமாக ரீகாலுக்கே போகாத வண்டி என்றால் சர்வீஸுக்கும் ஒழுங்காகப் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளம்: இந்தப் பாதையின் தனிப் பிரச்சினை

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இரண்டிலும் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் கார்கள் தண்ணீரில் நின்றன. சென்னையைச் சுற்றி விற்கிற எந்த 2019 காரையும் 2023 வெள்ளத்தைத் தாண்டி வந்த வண்டியாகவே நினைத்துச் சோதிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சுத்தம் செய்து ஓட வைத்துவிடலாம். ஆனால் வயரிங் கனெக்டருக்குள் போன ஈரம் மாதக்கணக்கில் மெல்ல அரித்து, ஒரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும், இன்னொரு நாள் ஜன்னல் இறங்காது, அப்புறம் நடுவழியில் இன்ஜின் நிற்கும். எந்தக் கனெக்டர் என்று தேடுவதற்கே கூலி தீரும்.

முதலில் நாலு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பாகத்தை ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருந்த கடைசி ஒரு அடியில் மண் கோடு, கறை, மொடமொடப்பு நின்றுவிடும். அடுத்து டார்ச்சுடன் குனிந்து சீட் தண்டவாளத்தையும் அதன் போல்ட்டுகளையும் பாருங்கள். கால்விரிப்பின் மேல் சிந்திய தண்ணீர் அந்த இடத்தில் சீரான துருவைக் கொண்டுவராது. கதவோர பிளாஸ்டிக் பட்டியை விற்பவர் அனுமதியோடு கழற்றி, கார்பெட்டின் அடிப்பஞ்சைக் கையால் அழுத்துங்கள். ஸ்டெப்னி குழி, டாஷ்போர்டின் கீழே உள்ள இரும்புச் சட்டம், ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு என்று ஒவ்வொன்றாகப் போகலாம். வண்டிக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏ.சி.யை உள்காற்றில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பூஞ்சை வாசம் மறையாது.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள்.

காகிதத்திலும் வெள்ளம் தெரியும். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடாவருடம் ஏறும். 2019 ஜூனில் வாங்கி, சொந்தச் சேதப் பாலிசியை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்த வண்டி க்ளெய்மே போடாமல் இருந்தால் 2024 ஜூன் பாலிசியில் 50 சதவீதம் இருக்கும். 2025 ஜூன் பாலிசியில் 20 சதவீதம் மட்டும் இருந்தால், 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் இடையில் ஒரு க்ளெய்ம் நடந்திருக்கிறது. மிக்ஜாம் அந்த இடைவெளியில்தான் வருகிறது. வெறும் பம்பர் க்ளெய்மாகவும் இருக்கலாம். ஆகவே க்ளெய்ம் பில்லைக் கேளுங்கள். போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும், பாலிசியில் அதையும் பாருங்கள்.

விபத்தும் மீட்டரும்

காலை வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பாருங்கள். தண்ணீர் தெளித்த பாடியில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் காட்டும். 200 தாண்டினால் மறுபடி அடித்தது. 500-க்கு மேல் என்றால் உள்ளே பட்டி. பம்பரோ ஒரு கதவோ அடித்திருந்தால் நகரத்து வண்டிக்கு அது சாதாரணம். தள்ள வேண்டியது இரும்புச் சட்டத்தில் வேலை நடந்த வண்டி. பானெட்டைத் திறந்து இரு பக்க ஏப்ரன் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள இரும்புத் தகடு), ரேடியேட்டர் தாங்கி, கதவு ரப்பரை இழுத்தால் தெரியும் ஸ்பாட் வெல்டு புள்ளிகள், டிக்கித் தரை இவற்றைப் பாருங்கள். கம்பெனி வெல்டு சம இடைவெளியில் வட்டக் குழியாக இருக்கும். டிங்கரிங் பட்டறை வெல்டு மேடு பள்ளமாக, சீலன்ட் கையால் பூசியதுபோல் இருக்கும். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் தடம் இருந்தால் அந்தப் பக்கம் கழன்றிருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரம். 2019 வண்டியில் மீட்டர் 28,000 காட்ட, நாலு டயரும் 2022-இல் தயாரானவை என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்பு ஆண்டுக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தக் கதவை இன்னொரு முறை பாருங்கள். மீட்டருக்கு உறுதியான சாட்சி கம்பெனி சர்வீஸ் பதிவுதான். உரிமையாளரை உடன் அழைத்துப்போய் சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வருகையின் தேதியையும் கிலோமீட்டரையும் வாங்குங்கள். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாறியிருக்க வேண்டும். 2021-இல் 48,000, 2023-இல் 31,000 என்று இருந்தால் பேச்சே வேண்டாம்.

இன்ஜினும் ஓட்டமும்

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கச் சூடாக்கியிருக்கலாம், இன்னொரு நாள் வரலாம். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். கூலன்ட் துருநிறத்தில் இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே அரிப்பு, ஹீட் பிரச்சினை, கேஸ்கெட் வரை போகும். ஆயில் மூடியின் அடியில் வெள்ளைக் குழம்பு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டு மூன்று விநாடி கவனமாகக் கேளுங்கள். செயின் சத்தம் கலகலவென்று நீடித்தால் ஆயில் அலட்சியத்தின் அடையாளம். நீலப் புகை ஆயில், நிற்காத வெண்புகை கூலன்ட், கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதல். மூன்று சிலிண்டர் 1.0 ஐடிலில் லேசாக நடுங்குவது இயல்பு. ஸ்டீயரிங்கே ஆடினால் மௌண்டிங் தேய்ந்திருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ளதை போனில் காட்டும் ஓ.பி.டி. புளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த முழு ஆய்விலும் அதிகப் பலன் தரும் செலவு அதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கிறது. நாலு எண்களைப் பாருங்கள். முதலாவது, கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். அது 12 கி.மீ. என்று காட்டினால் உங்களுக்காகவே நேற்று அழித்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றினாலும் இது சில வண்டிகளில் பூஜ்யமாகும் என்பதால் பேட்டரியின் தேதியோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது, லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்: கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது. கூட்டல் கழித்தல் ஐந்துக்குள் நல்லது. பத்தைத் தாண்டினால் காற்று கசிவு, ஆக்சிஜன் சென்சார், அடைத்த இன்ஜெக்டர், எரிபொருள் அழுத்தம் என்று ஏதோ ஒன்று மைலேஜைத் தின்கிறது. மூன்றாவது, ரெடினெஸ் மானிட்டர்கள், அதாவது வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள், முடிந்திருக்கின்றனவா என்பது.

நாலாவது எண் கூலன்ட் வெப்பம். பத்து நிமிட ஓட்டத்தில் 85 டிகிரிக்கு மேல் ஏறி, 85-க்கும் 95-க்கும் இடையில் நிற்க வேண்டும். நெரிசலில் 85 வந்து, வாலாஜாபாத் சாலையில் வேகம் எடுத்ததும் 70-க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கிறது அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஹீட் ஆகும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய வைத்தியம். இன்ஜின் சூடேறவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறைவதற்கு இது ஒரு காரணம். அதைவிட, முதலில் ஏன் ஹீட் ஆனது என்ற கேள்வி பெரியது.

ஓட்டும்போது: மூன்றாம் கியரில் 40 வேகத்தில் முழுதாக மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. காலி இடத்தில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து மெல்ல வட்டமிடுங்கள். டக் டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட். ஸ்பீடு பிரேக்கரில் முன் பக்கம் கடகடத்தால் ஸ்ட்ரட் மௌண்ட், லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் இவற்றில் ஒன்று. அதிகச் செலவில்லை, விலையில் குறைக்கலாம். சமதளத்தில் நியூட்ரலில் உருள விடுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் இழுக்கிறது. நிறுத்தியதும் நாலு ரிம்மின் பக்கத்திலும் கை காட்டினால் எது கொதிக்கிறது என்று தெரியும். இந்த ஒரு கோளாறே லிட்டருக்கு இரண்டு கி.மீ. சாப்பிடக்கூடியது.

கடைசியில் வண்டியை ராம்ப்பில் ஏற்றுங்கள். எண்ணூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நின்ற வண்டிகளில் உப்புக்காற்று பிரேக் பைப்பையும் பின் ஆக்சிலையும் அரித்திருக்கும். மேலோட்டத் துரு பரவாயில்லை; ஸ்க்ரூடிரைவர் முனையில் குத்தினால் செதில் உதிர்ந்தால் வேண்டாம்.

சி.என்.ஜி. எடுப்பதானால்

கம்பெனி பொருத்திய எஸ்-சி.என்.ஜி. மட்டும். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல்/சி.என்.ஜி. என்று பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக் க்ளெய்ம் சிக்கும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். 2019 வண்டிக்கு இரண்டு சான்றிதழ் இருக்க வேண்டிய நேரம் இது. டிக்கி போய்விடும். பெட்ரோலில் மட்டும் தனியாகப் பத்து கி.மீ. ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் மாதக்கணக்கில் பெட்ரோலில் ஓடாத வண்டியில் இன்ஜெக்டர் அடைத்திருக்கும். பழைய சி.என்.ஜி.யில் வாடகைக்கு ஓடியவை அதிகம். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றியதா என்பதை ஆர்.சி. வரலாற்றில் பாருங்கள். தனிநபர் வண்டி, இரண்டு சான்றிதழ், போகும் பாதையிலேயே வரிசை குறைந்த பங்க் என்ற மூன்றும் அமைந்தால், இந்த 18,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பெட்ரோலைவிட அதுவே நல்ல தேர்வு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெட்ரோல்.

விலை

2025 செப்டம்பர் 22 முதல் சிறு பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வேகன் ஆரின் தொடக்க எக்ஸ் ஷோரூம் விலை 5 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. ஆறு வயது வண்டிக்கு நாலு லட்சத்துக்கு மேல் கேட்பவர் பழைய விலையை மனதில் வைத்திருக்கிறார். நல்ல சிங்கிள் ஓனர் 1.0 வி.எக்ஸ்.ஐ. (நடுத்தர ரகம்) வண்டிக்கு 3.75 லட்சத்தைத் தாண்டாமல் இருப்பது இந்த பட்ஜெட்டுக்குப் பாதுகாப்பு. மீதி 50,000-இல் ஏறத்தாழ பாதி முதல் மாதச் சர்வீஸுக்கு, பாதி இன்சூரன்ஸுக்கும் பெயர் மாற்றத்துக்கும். பேரம் பேசும்போது "கொஞ்சம் குறைங்க" என்பதைவிடக் கணக்கு வையுங்கள்: டயர் நாலு சுமார் 15,000, கிளட்ச் கூலியோடு எட்டு பத்தாயிரம், பேட்டரி நாலாயிரம். ராம்ப்பில் எடுத்த படத்தோடு சொன்னால் விற்பவரும் ஒப்புக்கொள்வார்.

காகிதம்

எம்-பரிவாஹன் செயலியில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு, இன்சூரன்ஸ் தேதி பார்க்கலாம். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கி. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் இருந்தால் அது முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் கைக்கு வரும் முன் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28. தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டியிருப்பதால் புதுச்சேரி, கர்நாடக வண்டிகளின் மலிவு விலை பெரும்பாலும் அதில் கரைந்துவிடும்.

வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனு செய்ய வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள். நோ க்ளெய்ம் போனஸ் விற்பவருடையது, வண்டியோடு வராது. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டதால் விற்பவருக்கும் இதில் அவசரம் உண்டு. ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டு அன்றே எடுங்கள். விற்பவரின் ஃபாஸ்டேகை அவரே மூட வேண்டும்.

முதல் மாதம்

பில் இருந்தாலும் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் மாற்றிவிடுங்கள். அன்றைய மீட்டர் எண்ணை எழுதி வைத்தால் இனி உங்கள் கணக்கு அதிலிருந்து ஓடும். வீல் அலைன்மென்ட், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டைப்படி காற்று.

மைலேஜை டிஸ்ப்ளேயில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே பங்க்கில், ஒரே பம்பில், முதல் ஆட்டோ கட் வரை நிரப்பி டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த நிரப்பலும் அப்படியே. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று நிரப்பலின் சராசரி இந்தப் பாதையில் 17-ஐ ஒட்டி வந்தால் வண்டி சரியாக இருக்கிறது. 15-க்குக் கீழே என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: டயர் காற்று, பிரேக் இழுவை, கூலன்ட் வெப்பம், ஃபியூயல் ட்ரிம், கிளட்ச். இன்ஜெக்டர் சுத்தம், டேங்க்கில் ஊற்றும் மருந்து என்று யாராவது முதலிலேயே சொன்னால், இந்த ஐந்தையும் பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள்.